அளவுக்கு ஓர் ஆள்

புகைப்படப் பயிற்சி முகாமின் வாசலில் வந்து வரவேற்ற மாஸ்டர், கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிய மனைவியிடம் என்ன கேமரா, என்ன லென்ஸ் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கணவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாரோட உயரம் என்ன?" என்று கேட்டார்.

"ஏன், சட்டை தைக்கப் போறீங்களா?" என்று சிரித்தான் அவன். சிரித்தது அவன் மட்டும்தான். மாஸ்டர் பதிலுக்காகக் காத்து நின்றார். அவன் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவனுக்கு ஊரில் சொந்தமாக மருந்துக்கடை. கடைக்குள் அவன் பேசினால் எதிர்வரிசைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். ஆளும் நெடுநெடுவென்று வாசல் நிலை இடிக்கிற உயரம். எங்கே யார் படம் எடுத்தாலும் நடுவில் வந்து நின்றுவிடுவான். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாளெல்லாம் இருட்டறையில் அடுத்தவர் எலும்பைப் பார்த்து அலுத்துப்போய், தன் சம்பளத்தில் ஒரு கேமரா வாங்கிக்கொண்டாள். 'பொம்மைப்பெட்டி' என்று அதற்கு அவன் பேர் வைத்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முன்னால் அதைச் சொல்லிக் காட்டுவான். முன்பெல்லாம் அவளும் கூடச் சிரிப்பாள்.

நிலக்காட்சிப் படங்களுக்கென்று ஒரு பயிற்சி முகாம் இருக்கிறது, போக வேண்டும் என்று அவள் சொன்னபோது, தனியாக வருபவர்களை அங்கே சேர்ப்பதில்லை, கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னாள். பாதுகாப்புக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினான்.

வாடகை வேன் கடைசிக் கிராமத்தைத் தாண்டியதிலிருந்தே அவனுக்கு என்னவோ போலிருந்தது. உதறிய போர்வையை யாரோ மடிக்காமல் போட்டுவிட்டுப் போனதுபோல மேடும் பள்ளமுமாக நிலம் போய்க்கொண்டே இருந்தது. பாதி உழுத கறுப்பு, பாதி கோதுமைப் பச்சை. ஒரு மரமில்லை, கம்பமில்லை, வேலியில்லை. எதிரில் தெரியும் மேடு எட்டி உதைக்கிற தூரத்தில் இருக்கிறதா, அரைநாள் நடந்தால்தான் வருமா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அந்த மேடுகளில் ஒன்றின்மேல் வெள்ளையடித்த நீள வீடு. உள்ளே ஈரமண் வாசனை. சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க மாஸ்டரின் படங்கள். எல்லாவற்றிலும் இதே மேடுகள், எல்லாவற்றிலும் எங்கோ தொலைவில் ஒற்றையாக ஒரு ஆள். முகம் பார்க்கலாமென்று கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தான். ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

வந்திருந்தவர்கள் அதிகமில்லை. ஒரு பல் டாக்டர், அவருடைய அக்கா. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர். இவர் மட்டும் முந்தைய நாளே வந்துவிட்டாராம், தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் வரலையா டீச்சர்?" என்று அவன் பேச்சுக்கொடுத்தான்.

"வந்திருக்காரே." டீச்சர் முகவாயால் ஜன்னலைக் காட்டினார். "அதோ."

ஜன்னலுக்கு வெளியே மேடுகள்தான். நன்றாகப் பார்த்தபிறகு, உழுத சரிவில் கடுகளவு கறுப்பாக ஒன்று தெரிந்தது. காலாற நடக்கப் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்கால வெயில் சாயத் தொடங்கியதும் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு மாஸ்டர் ஒரு முகட்டுக்குப் போனார். கேமராக்களை மூன்றுகால் ட்ரைபாட் மேல் பொருத்தி வரிசையாக நிற்க வைத்தார். கேமரா இல்லாதவர்கள் பின்னால் நின்றார்கள். காற்றில் வைக்கோல் தூசி. பயிர் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பு கால்மாட்டிலிருந்து புறப்பட்டு, மேடு மேடாக ஏறி இறங்கி, எங்கோ போய்த் திரும்பி வந்தது.

"இந்த நிலத்துக்கு அளவே கிடையாது," என்றார் மாஸ்டர். அவருடைய குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "சும்மா எடுத்தீங்கன்னா மேடு மாதிரியும் இருக்கும், கசங்கின துணி மாதிரியும் இருக்கும். அதுக்குள்ள ஒரு ஆள் நிக்கணும். அப்பத்தான் பாக்கறவனுக்கு அளவு தெரியும். இன்னிக்கு யாரு?"

"எங்க அக்கா," என்றார் பல் டாக்டர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அக்கா மஞ்சள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சின்ன வயசுலேர்ந்து இவனுக்கு நான்தான் பொம்மை. பல் புடுங்கப் பழகினதும் என் வாயிலதான்," என்று பக்கத்தில் நின்ற அவனைப் பார்த்துச் சொன்னாள். மாஸ்டர் அவள் கையில் ஒரு வாக்கி-டாக்கியைக் கொடுத்தார். இன்னொன்று அவர் கையில் இருந்தது; மேலும் சில அவர் பையில். அவள் சரிவில் இறங்கி நடந்தாள்.

நடந்துகொண்டே இருந்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளத்தில் மறைந்தாள், அடுத்த மேட்டில் விரல் உயரத்துக்கு முளைத்தாள், திரும்ப மறைந்தாள். "இன்னும் கொஞ்சம்," என்பார் மாஸ்டர். "இடது பக்கம். இன்னும்." அவர் கையிலிருந்த வாக்கி-டாக்கிப் பெட்டிக்குள்ளிருந்து அக்காவின் குரல் மூச்சிரைக்கும்: "எறும்பு கடிக்குதுங்க. காலெல்லாம் ஒரே முள்ளு." மஞ்சள் நிறம் ஒரு நெல்மணி அளவானபோது மாஸ்டர், "நில்லுங்க," என்றார்.

வெயில் பொன்னாகி, செம்பாகி, மேடுகளின் முதுகை மட்டும் தொட்டது. கேமராக்கள் கிளிக் கிளிக் என்று விடாமல் சத்தமிட்டன. அக்கா நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தாள் போலும். மனைவி கையை நீட்டி மாஸ்டரிடமிருந்து பெட்டியை வாங்கினாள். ஆஸ்பத்திரிக் குரலில், "மூச்ச நல்லா இழுங்க. பிடிச்சுக்குங்க. அசையாதீங்க," என்றாள்.

அந்தக் குரல் அவனுக்கு மனப்பாடம். தூக்கத்தில்கூட அவள் அதைச் சொல்வாள். அதற்கடுத்து 'விடுங்க' என்று வரும். அவன் அதற்காகக் காத்திருந்தான், தன்னையறியாமல் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவள் பெட்டியை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குனிந்து கேமராவில் கண்ணை வைத்தாள்.

இருட்டத் தொடங்கியதும் ட்ரைபாட்களை மடக்கி எல்லோரும் வேனில் ஏறினார்கள். மாஸ்டர் வண்டியைக் கிளப்பினார்.

"அக்கா இன்னும் வரலையே," என்றான் அவன்.

பல் டாக்டர் கேமராவின் திரையை வெளிச்சமாக்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க டாக்டர், உங்க அக்கா அங்க நிக்கறாங்க."

"சத்தம் போடாதீங்க," என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்க போனாலும் உங்க சத்தம்தானா?"

இரவுச் சாப்பாட்டின்போது பெட்டி மேஜை நடுவில், உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கரகரத்துக்கொண்டே இருந்தது. நடு நடுவே அதிலிருந்து குரல் வந்தது. "டேய், போதுமா? நான் வரலாமா?" கொஞ்சம் கழித்து, "குளிருதுடா." ஸ்பூன்கள் தட்டில் உரசின. டீச்சர் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். பல் டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி, "கொஞ்சம் அசையாம இருக்கா," என்று மட்டும் சொன்னார். மாஸ்டர் சத்தத்தைக் குறைத்தார்.

அவன் எழுந்துவிட்டான். "டார்ச் இருந்தா குடுங்க. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"உழுத நெலம். பள்ளம் தெரியாது," என்றார் மாஸ்டர். "விடிஞ்சதும் போங்க."

எல்லோரும் அவனையே பார்த்தார்கள், சினிமாக் கொட்டகையில் நடுவில் எழுந்து நிற்பவனைப் பார்ப்பதுபோல. மனைவியின் முகத்தில் இருந்த அருவருப்பை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒருவேளை எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஏற்பாடு தனக்குத்தான் புரியவில்லையோ என்று கூச்சமாகிவிட்டது. உட்கார்ந்துவிட்டான்.

விடியும் முன்பே எழுந்து, மேஜையிலிருந்த பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த முகட்டுக்கு நடந்தான். பனிமூட்டம் பள்ளங்களில் பால்போலத் தேங்கிக் கிடந்தது. மஞ்சள் புள்ளி அதே இடத்தில் இருந்தது. நேற்றுப் பார்த்த அதே அளவு. அவன் சரிவில் இறங்கினான். ஈரமண் செருப்பில் அப்பி, ஒவ்வோர் அடிக்கும் கால் கனத்தது. முதல் பள்ளம் ஏறி மேலே வந்ததும் பார்த்தான்: நெல்மணி அளவு. அடுத்த பள்ளமும் தாண்டிப் பார்த்தான். நெல்மணி அளவு.

தூரம் ஏமாற்றுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தான். மண்கட்டிகள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு அந்த மேடு நெருங்கிவிட்டது. அதில் முளைத்திருந்த பயிரின் ஒவ்வொரு தாளும் தெரிந்தது. மஞ்சள் பெரிதாகவில்லை. இன்னும் பத்தடிதான் இருக்கும். அவள் அவன் செருப்பைவிடச் சின்னதாக இருந்தாள்.

உழவுச்சாலில், ஒரு மண்கட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் மண்ணில் மண்டியிட்டுக் குனிந்தான். விரல்நக உயரம். ஸ்வெட்டரின் முனை காற்றில் படபடத்தது. கண் சிமிட்டினாள். வாய் திறந்து மூடியது. சட்டைப்பைக்குள்ளிருந்த பெட்டி, மூச்சை விடாத குரலில், "படம் சரியா வந்துச்சாங்க?" என்றது.

விரலை நீட்டி அவளை எடுக்கப் பார்த்தான். கணுக்கால்வரை மண்ணுக்குள் இறங்கியிருந்தாள். மெல்ல இழுத்தான், நாற்றைப் பிடுங்கும்போது வேர் விட மறுக்குமே, அந்தப் பிடி. பெட்டிக்குள் ஓர் அலறல். கையை விட்டுவிட்டான்.

"தொடாதீங்க," என்று அழுதது பெட்டி. "ஆடிடுவேன். அவன் திட்டுவான்."

அவன் ஓடினான். எங்கே கால் வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து ஓடினான். அந்தச் சரிவில், அந்த மண்கட்டிகளுக்கு நடுவில், இன்னும் யார் யார் நிற்கிறார்களோ.

வீட்டில் காலை உணவு நடந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கச் சொன்னான். பார்த்ததை எல்லாம் சொன்னான். கை காட்டி, அளவு காட்டிச் சொன்னான். பல் டாக்டர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

டீச்சர்தான் பேசினார், வகுப்பில் பின்பெஞ்சுப் பையனிடம் பேசும் பொறுமையோடு. "தூரத்துலேர்ந்து பாக்கறதுக்குத்தான் தம்பி அவங்க. கிட்டப் போய்ப் பாக்கலாமா? கிட்டப் போனா யாரும் அவ்வளவுதான்."

மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். "கெளம்பு. இப்பவே. துணிப்பெட்டிகூட வேணாம்."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "நீங்க போங்க."

"உனக்குப் பைத்தியமா? அது மனுஷிடி. இத்தனூண்டு..."

"எங்கிட்ட இருக்கிற எல்லாப் படத்துலயும் நீங்கதான் இருக்கீங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "கடல் எடுத்தா முன்னாடி வந்து நிப்பீங்க. மலை எடுத்தா முன்னாடி வந்து நிப்பீங்க. கல்யாணத்துக்கப்புறம் நான் எதையுமே முழுசாப் பாத்ததில்ல. தெரியுமா உங்களுக்கு?"

அவன் வேன் சாவியைத் தேடினான். அது மாஸ்டரின் இடுப்பில் தொங்கியது. மாஸ்டர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோபமில்லாமல், துணிக்கடையில் சேலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பதுபோல. அவன் வாசலைத் தாண்டி, கைவீசி, சரளைப் பாதையில் நடக்க ஆரம்பித்தான். நடந்தே கிராமத்துக்குப் போய்விடலாம். போலீசைக் கூட்டிவரலாம். அவளையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

பாதை ஒரு மேட்டில் ஏறியது, இறங்கியது, அடுத்ததில் ஏறியது. வெயில் பக்கவாட்டில் விழுந்து, அவன் நிழலைக் கோதுமைமேல் நீளமாக இழுத்துப் போட்டது. குருவி ஒன்றுகூடக் கத்தவில்லை. சரளை செருப்புக்கடியில் நறநறத்தது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் இருந்தது. அவன் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் வந்தது. கிளிக். கிளிக்.

திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்கு மேலிருந்த முகட்டில், வானத்தை ஒட்டி, ட்ரைபாட்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் குனிந்த ஓர் உருவம். எல்லாக் கேமராவும் பாதையை நோக்கி.

வீட்டைவிட்டு இறங்கிய முதல் அடியிலிருந்தே அவன் அவர்களுடைய படத்துக்குள்தான் நடந்துகொண்டிருந்தான். பாதையைவிட்டுப் பயிருக்குள் குதித்து ஓட வேண்டும். குனிந்து ஓட வேண்டும். பாதை ஓரத்துப் பயிரை நோக்கி ஓடத் தொடங்கினான்.

சட்டைப்பையில் பெட்டி கரகரத்தது.

"ஏங்க."

மனைவி. ஆனால் இது காலையில் கேட்ட குரலில்லை. கல்யாணமான புதிதில், மொட்டைமாடியில், அக்கம்பக்கம் கேட்காமல் பேசிய குரல். அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்ததையே அவன் மறந்துபோயிருந்தான்.

"நில்லுங்க. அங்கயே. ரொம்ப அழகா இருக்கீங்க."

கால் நின்றது.

ஒரு நிமிஷம்கூட இல்லை. ஒரு மூச்சு. மனசு எதையோ நம்பிக்கொண்டு திரும்பிய அந்த ஒரு மூச்சு. தூரத்தில் அவள் நிமிர்ந்து கையைத் தூக்கியது தெரிந்தது, அவனும் கையைத் தூக்கினான்.

கிளிக்.

அடுத்த அடிக்குக் காலை எடுத்தான். வரவில்லை. குனிந்தான். சரளைக்கல் ஒன்று செருப்பில் இடித்துக்கொண்டிருந்தது. கோலி அளவு. பார்த்துக்கொண்டே இருந்தான். எலுமிச்சை அளவு. பூசணி அளவு.

கிளிக்.

இப்போது அந்தச் சத்தம் கதவை அறைவதுபோல வந்தது. கோதுமைத் தாள்கள் தலைக்குமேல் போயின. போய்க்கொண்டே இருந்தன. பச்சைக் கம்பங்கள். அவற்றின் உச்சியை அண்ணாந்தாலும் பார்க்க முடியவில்லை. மண் வாசனை மூக்கை அடைத்தது. அம்மி உயரக் கல்லுக்குப் பின்னாலிருந்து ஓர் எறும்பு வந்தது. நாய் அளவு. நின்று அவனை மோந்தது. போய்விட்டது.

கத்தினான். ஊரைக் கூட்டுகிற அந்தக் குரல் அவன் பல்லைக்கூடத் தாண்டவில்லை.

பெட்டியை எடுத்துப் பொத்தானை அழுத்தினான். அழுத்திக்கொண்டே கத்தினான். யாரும் பதில் சொல்லவில்லை. கரகரப்பு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. அணைத்துவிட்டார்கள்.

தரை அதிர்ந்தது.

நின்றது. மறுபடி அதிர்ந்தது. பெரிதாக. காலடிகள். பாதை வழியாக வந்தன. அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். பேச்சு மேகத்துக்குமேல் உருண்டது. மாஸ்டரின் ஏற்ற இறக்கமில்லாத குரல், யாரோ சிரித்தார்கள், வெகு நாளாக அவன் கேட்டிராத சிரிப்பு. அவளுடையது. அவன் மண்ணுக்குள் இறங்கிய கால்களை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்கக் கணுக்காலில் ஏதோ கிழிந்தது. வரவில்லை.

நிழல் விழுந்தது. மேட்டையே மூடுகிற நிழல். அதற்குள் அவளுடைய முகம், வானம் முழுக்க. அவன் அதைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவள் கண் அவனைத் தாண்டி, பாதையைத் தாண்டி, எங்கோ தொலைவில் இருந்த மேட்டைத் தேடிப் பிடித்தது. முகம் மலர்ந்தது.

"இங்கேருந்து நல்லா இருக்கு மாஸ்டர்," என்றது இடி. "அங்க மட்டும் ஒரு ஆள் இருந்தா..."

வலப்பக்கம் ஒரு தூண் இறங்கியது. கறுப்பு. நுனியில் இரும்பு முள். மண் தெறித்து அவன் முகத்தில் அடித்தது. இடப்பக்கம் இன்னொன்று. நிலம் குலுங்கி அடங்கியது. அவன் அண்ணாந்து பார்த்தான்.

ட்ரைபாடின் மூன்றாவது கால் இன்னும் இறங்கவில்லை. அவன் தலைக்கு நேர்மேலே, வெயிலில் மின்னும் முள்ளோடு, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று ஆடி, ஊன்றுவதற்குச் சமமான இடம் தேடிக்கொண்டிருந்தது.